ஒரு ஜோடி அடைப்புக்குறி

2001 மே 12, சனிக்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தோம். அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்கை வெளியே எடுத்துவிட்டு மதியம் சாப்பிட வந்தார். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். வீட்டிலிருந்த புத்தகங்களுக்கெல்லாம் ஒரே அளவில் அட்டை போட்டாகிவிட்டது. வேறு எதைச் சீர்செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அகப்பட்டது அத்தையின் கம்ப்யூட்டர். அவள் அப்பாவின் தங்கை. அன்று சாயங்காலம் ஒரு கப்பல் ஏஜென்சி முதலாளி வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர் கம்பெனிக்காக அத்தை எழுதிய இணையப் பக்கம் பிடித்தால் அத்தைக்கு வேலை. இல்லையென்றால் சாத்தான்குளத்து மாப்பிள்ளையோடு கல்யாணம். "ஏளா, இன்னைக்கு வேலை அமையலைன்னா அவங்கள வரச் சொல்லிருவேன், பாத்துக்கோ" என்று அப்பா சொல்லியிருந்தார்.

பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கப்பல் வந்துவிட்டது என்ற செய்தி வரும். அத்தை குளிக்கப் போனபோது அந்தப் பக்கத்துக்கு அவள் எழுதியிருந்த கட்டளைகளை, ஸ்கிரிப்டை, திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஃபங்ஷன் என்று ஒரு கட்டளைத் தொகுப்பு; அதன் பெயர் வந்த இடத்திலெல்லாம் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி இருந்தது. பொத்தானுக்குரிய வரியில் மட்டும் இல்லை. போட்டுச் சேமித்தேன்.

முதலாளி வந்தார். பக்கம் திறந்ததுமே, யாரும் எதையும் தொடாமல், திரையில் கப்பல் வந்துவிட்டது. அத்தை பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன தாயி, கப்பல் இன்னும் கொழும்பையே தாண்டலை, உன் பெட்டி அதுக்குள்ள சங்கு ஊதுது?" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அத்தை ஸ்கிரிப்டைத் திறந்தாள். "நீங்க விட்டுட்டிய அத்தை, நாந்தான் போட்டேன்" என்று அவள் காதில் சொன்னேன், பாராட்டை எதிர்பார்த்து.

என்னைப் பார்த்தாள். "என் தப்புதான் அண்ணாச்சி. ஒரு நிமிஷம்" என்றாள்.

அவர் காப்பியை முடித்து எழுந்துவிட்டார். "இருக்கட்டும் தாயி. வேற ஆள் பாத்துக்கிடுதோம்."

அவர் போன பிறகு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அடைப்புக்குறி போட்டா ஃபங்ஷன் அப்பவே ஓடிரும். பேரை மட்டும் கொடுத்து வச்சா, பொத்தானை அமுக்கும்போது பிரவுசரே கூப்பிட்டுக்கிடும்."

குறிகளை அழித்து, பொத்தானை அழுத்தினேன். செய்தி சரியாக வந்தது. "பாத்தியளா, சரியாயிட்டு!" என்று கைதட்டினேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். தவறு திருத்தியாயிற்று, இனி எல்லாம் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலையில் அப்பா முதல் வேலையாகச் சாத்தான்குளத்துக்குப் போன் செய்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் கூடத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார். கம்ப்யூட்டரின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, நான்கு மூலையும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டது நான்தான்.