முப்பத்தெட்டு வோல்ட் எங்கே போனது

வில்லியனூரில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதன்முதலாகத் தனியாகப் போன கம்ப்ளைண்ட் அது. ஐடிஐ முடித்திருந்தேன். வி, ஐ, ஆர் முக்கோணத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் வாட்ஸ். இதில் குழப்பம் வர என்ன இருக்கிறது என்று நினைத்திருந்த காலம்.

கரையாம்புத்தூரில் தேவகி அக்கா கீற்றுக் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்தார். ஆயிரம் குஞ்சு இறக்கி மூன்றாம் நாள். அடைமழை, குளிர். சூட்டுக்காகப் பத்து குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தார், ஒவ்வொன்றும் இருநூறு வாட்ஸ். நான் போனபோது பத்தும் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் குஞ்சுகள் பல்புகளுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. அடியில் நசுங்கிச் செத்தவற்றை அக்கா வாளியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பல்பு நல்லாத்தான் எரியுது. ஆனா சூடு வரல. இன்னான்னு பாரும்மா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றார்.

பல்புதான் மட்டம் என்று முடிவுகட்டினேன். அக்காவிடம் ஸ்டாக்கில் இருந்த புதுப் பல்பு ஒன்றை எடுத்து மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்தேன். இருபதுகூட இல்லை. இருநூற்று முப்பது வோல்ட்டை இருபதால் வகுத்தால் பதினோரு ஆம்பியருக்கு மேல் வருகிறது. அப்படியென்றால் ஒரே பல்பு இரண்டாயிரத்து அறுநூறு வாட்ஸ் இழுக்க வேண்டும். பத்து பல்புக்கு இந்த ஊரே இருட்டாகிவிடும். வேறொரு பல்பைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. மீட்டரைத் தட்டினேன். பேட்டரியை மாற்றினேன். அதே இருபது.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவரை அந்தோணி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

"எரியாத பல்புல ஓம்ஸ் பாத்தா அப்படித்தான்மா காட்டும். எரிஞ்சிகினு இருக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பாரு, அதுதான் கணக்கு."

"ஏன்ணா அப்படி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீதான படிச்சிட்டு வந்தவ" என்று வைத்துவிட்டார்.

கொட்டகைக்குள் வயர் முதல் பல்புக்கு வந்து சேரும் இடத்தில், எல்லா பல்பும் எரிய, அளந்தேன். நூற்றெண்பத்தெட்டு வோல்ட். கிளாம்ப் மீட்டரை ஒற்றை வயரில் மாட்டினேன். ஏழு புள்ளி எட்டு ஆம்பியர். பெருக்கினால் ஆயிரத்து நானூற்று அறுபத்தாறு வாட்ஸ். இரண்டாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் இதுதான் வருகிறது. குஞ்சுகள் குளிரில் குவிந்தது சரிதான்.

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் இருபத்துநான்கு ஓம்ஸ். பத்து பல்பும் சேர்ந்த ரெசிஸ்டன்ஸ் அது. ஒரு பல்புக்கு இருநூற்று நாற்பது. கையில் இருந்த பல்பு இருபதுகூடக் காட்டவில்லையே! அப்போதுதான் உறைத்தது, சூடேறினால் பல்பின் இழைக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறும் என்று வகுப்பில் எழுதியது. எழுதினேன், அவ்வளவுதான். பத்து மடங்குக்கு மேல் ஏறும் என்று யார் நினைத்தது?

பல்பு குற்றவாளி இல்லை. ஈபி லைன் லோ வோல்டேஜ் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு மெயின் போர்டிலும் அளந்தேன். இருநூற்று இருபத்தாறு!

திரும்பக் கொட்டகைக்கு ஓடினேன். நூற்றெண்பத்தெட்டு. நடுவில் ஓடுவது நாற்பது மீட்டர் காப்பர் வயர், இரண்டரை ஸ்கொயர் எம்எம் கனம். அதில் ஐந்து வோல்ட் போகலாம். மீதி?

"கரண்டு எங்கனா திருடுறாங்களா?" என்றார் அக்கா.

"திருடினா டிரிப்பர் வுழுமேக்கா" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"அதான், டிரிப்பர் வுழலையே. அப்பறம் எங்கத்திய ஃபால்ட்டு?"

மழையில் நின்றபடி கையிலிருந்த எண்களை வைத்து மறுபடி பெருக்கினேன். காணாமல் போன வோல்ட் முப்பத்தெட்டு. வயரில் ஓடும் ஆம்பியர் ஏழு புள்ளி எட்டு. கிட்டத்தட்ட முந்நூறு வாட்ஸ். வயருக்கென்று முப்பது, நாற்பதைக் கழித்தாலும் இருநூற்றைம்பதுக்கு மேல் நிற்கிறது. வாட்ஸ் என்றால் சூடு. குஞ்சுகளுக்கு வராத சூடு எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது.

"அக்கா, இந்த வயருல எங்கனா ஜாயிண்ட் இருக்குதா?"

"போன வருசம் கொட்டாயிய நீட்டுனப்ப ஒட்டுப் போட்டாங்க. தோ, அந்த மூலையில, கீத்துக்கு உள்ள."

மீதியைக் கேட்கவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஏணி போட்டு ஏறினேன். கீற்றை விலக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி ஒழுகியிருந்தது. காப்பர் கருத்து, தொட்டால் உதிர்ந்தது. சுற்றியிருந்த ஓலை ஒரு சாண் அளவுக்குக் கரியாகியிருந்தது. மழையில் கூரை ஊறியிருந்ததால் பற்றவில்லை. வெயில் அடித்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

டிரிப்பர் ஏன் விழவில்லை என்பதும் ஏணியில் நிற்கும்போதுதான் புரிந்தது. ஆம்பியர் கூடினால்தான் அது தானாக விழுந்து கரண்டை நிறுத்தும். கெட்ட ஜாயிண்ட் ஒரு ரெசிஸ்டன்ஸ், அது ஆம்பியரைக் குறைத்துவிட்டது.

கரிந்த ஓலையைப் பிய்த்து எறிந்தேன். பழைய வயரைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒட்டே இல்லாமல் புது வயர் இழுத்தேன். அதுவரை அக்கா அடுப்புக்கரியைச் சட்டிகளில் மூட்டிக் குஞ்சுகளுக்கு நடுவில் வைத்துச் சமாளித்தார். மெயினைப் போட்டதும் பல்புகள் வெள்ளையாக எரிந்தன. இருநூற்று இருபத்தோரு வோல்ட், எட்டரை ஆம்பியர். பெருக்கிப் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் குவியல் கலைந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக உமியில் பரவித் தீனித்தட்டுக்கு நடந்தன. அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா?"

"குஞ்சு எறக்குன நாள்லேர்ந்து அதுக்கு நேர் கீழதான் பாய் போட்டுப் படுக்கறேன்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பல்பு மங்கினால் பல்பை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். லோடு ஓடும்போதே இரண்டு முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசத்தை ஆம்பியரால் பெருக்குங்கள். வருகிற வாட்ஸ் பெரிதாக இருந்தால், முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். அது எங்கே எரிகிறது என்பதை அதற்குப் பிறகு தேடலாம்.