முட்டையைத் தொடாத நாகம்

ஈரத் தேக்குப் பட்டைக்கு ஒரு புளித்த வாடை உண்டு. போரால் பர்மா மரம் வருவது நின்று, மலையாளக் கரையிலிருந்து தோணிகள் தேக்கு ஏற்றிவந்த நாட்களில், தூத்துக்குடியில் என் மாமாவின் சரக்குக் கிடங்கான "கிட்டங்கி" முழுவதும் அந்த வாடைதான். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் பருத்திக்கொட்டை மூட்டைகள். எலிகளைப் பிடித்துத் தின்னும் என்பதால், அங்கே திரிந்த சாரைப்பாம்புகளை யாரும் விரட்டுவதில்லை.

ஒருமுறை, பொந்து விழுந்த மரமொன்றுக்குள் சுருண்டபடியே தோணியேறி, ஒரு பெரிய நாகம் வந்து இறங்கியது. அத்தை அதை நல்லபாம்பு என்று முடிவுகட்டினாள். நல்லபாம்பை அடிப்பது எங்கள் வீடுகளில் பாவம். ஆகவே மர அடுக்கின் ஓரத்தில் பாலும் முட்டையும் வைத்துவந்தாள். பால் திரிந்தது, முட்டைகளை எலிகள் உருட்டிக்கொண்டு போயின. தன் விரதத்தில்தான் ஏதோ குறை என்று அவள் வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தாள். சாரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் மரம் புரட்டியவர்கள், நாகம் ஒரு சாரையைத் தலைப்பக்கமாகப் பாதி விழுங்கியிருப்பதைக் கண்டார்கள். சுமைக்காரர்களுக்குத் தலைவனான சுடலை அத்தையைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்க முட்டையா வச்சிய, அது சொந்தக்காரனைப் பிடிச்சுத் திங்குது. இதுவா ஆச்சி சாமி?"

அதுவரை கைநீட்ட அஞ்சியவர்களுக்கு அந்தக் கேலி போதுமானதாக இருந்தது. தன் இனத்தையே தின்பது நல்லபாம்பாக இருக்க முடியாது, ஆகவே அடிக்கலாம் என்றானது. மாமாவும் தலையசைத்தார். தெருவிலிருந்து கம்போடு ஓடிவந்தவர்களைத் தடுக்க, அத்தை வாசலில் இரு கைகளையும் விரித்து நின்றாள்.

"பசிச்சா அது திங்குததைத்தான திங்கும்? விட்டுருங்க, போவட்டும்."

நாகம் விழுங்கியதைக் கக்கியது. செய்த பாவத்தைக் கக்குகிறது என்றான் சுடலை. பிறகு அது என் உயரத்துக்கு எழுந்து நின்று, நாயைப்போல அடித்தொண்டையில் உறுமியது. வாயைத் திறக்காமலே இருமுறை பாய்ந்து மிரட்டியது, யாரையும் கடிக்கவில்லை. மற்றவர்கள் பின்வாங்கிய கணத்தில் வாசலை நோக்கி விரைந்து, அங்கே அத்தை நிற்பதைக் கண்டு திரும்பியது. அப்போதுதான் முதல் அடி விழுந்தது.

அடிபட்டுச் செத்த நல்லபாம்பைப் பாலூற்றிப் புதைப்பார்கள். இதைக் கடற்கரையில் காக்கைகளுக்கு எறிந்தார்கள்.

அன்று வந்தது ராஜநாகம் என்பதையும், அதற்குப் பிற பாம்புகளே உணவென்பதையும், உடல் கனமில்லாமல் தப்பியோடவே அது இரையைக் கக்கும் என்பதையும், உறுமலும் பொய்ப்பாய்ச்சலும் எதிரியை விலகச் சொல்வதற்கே என்பதையும் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு படித்தேன்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. எலிக்கு மருந்து வைக்கிறார்கள். சாரை ஒன்றையும் காணோம். அத்தையும் போய்விட்டாள். கடைசிக் காலத்தில் ஒரே ஒருமுறை அவள் என்னிடம் கேட்டாள்.

"நான் வாசல்ல நிக்காம இருந்திருந்தா அது போயிருக்கும்லா?"

தெரியவில்லை அத்தை என்றேன்.