கேட்காமல் எழுதிய மூன்று தட்டுகள்

என் அண்ணன் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தான். எழுபதுகளின் நடுவில், மூன்று வருடத்துக்குள் தங்கையான எனக்கு ஏழு ராக் இசைத்தட்டுகள் அனுப்பினான். ஒவ்வொன்றையும் கேட்டு, எப்படி இருக்கிறது என்று விவரமாகக் கடிதம் எழுத வேண்டும். அது அவன் போட்ட நிபந்தனை. நான் கேட்டது நான்கு. மற்ற மூன்றையும் கேட்காமலே எழுதினேன். இதை மூடி மறைத்துக் கடைசியில் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

முதல் தட்டைப் போட்ட அன்று வீடே ஆடிப்போனது. அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒலித்ததெல்லாம் ஞானப்பாட்டும் ரேடியோச் செய்தியும்தான். கிடாரின் முதல் இழுப்பிலேயே உப்பு லாரி வாசலில் பிரேக் அடித்ததென்று நினைத்து அம்மா வெளியே ஓடினாள். அட்டையில் சட்டை இல்லாத நான்கு பேர் ஒரே குளியல் தொட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அந்த அட்டைக்குப் பிரவுன் பேப்பர் போட்டு, லேபிள் ஒட்டி, ‘ஆங்கிலம்’ என்று எழுதிவைத்தார். நான் அண்ணனுக்கு எழுதினேன்: “பாடுகிறவனுக்குத் தொண்டையில் மீன் முள். கொட்டு அடிக்கிறவன் மட்டும் கெட்டிக்காரன்.”

இரண்டாவது தட்டு ஒரு பக்கம் முழுக்க ஆர்கன். ஆராதனை தொடங்கிவிட்டது என்று அம்மா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் ஒருவன் கத்தினான் பாருங்கள், அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மூன்றாவதில் பாடுகிறவன் அழுதுகொண்டே இருந்தான், யாராவது அவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்தால் தேவலை என்று எழுதினேன். நான்காவது உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைப் பற்றித்தான் குறைவாக எழுதினேன். திட்டுவதற்கு வருகிற வேகம் பாராட்டுவதற்கு எனக்கு வருவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மா தூசி தட்டியதில் ரெக்கார்டு பிளேயரின் ஊசி ஒடிந்தது. புது ஊசிக்கு மதுரைக்குச் சொல்லிவிட வேண்டும். நான் சோம்பலில் விட்டுவிட்டேன். ஆனால் தட்டோடு சேர்ந்து பார்சலில் வாசனைச் சோப்பும் நைலான் சேலையும் வரும். கடிதம் எழுதாவிட்டால் அடுத்த பார்சல் வராது. அதனால் ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் அட்டைப் படத்தைப் பார்த்தே அளந்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கேட்டு எழுதியதைவிடக் கேட்காமல் எழுதியதுதான் நன்றாக வந்தது.

ஏழாவது தட்டு வந்து ஆறு மாதத்தில் அண்ணனே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்பா கேட்ட கேள்விக்கு வேறு என்னவோ பதில் சொன்னான். கப்பல் சம்பளம் தலைக்கேறிவிட்டது என்று எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு தொடங்கியது. கொயரில் யார் சுருதி விலகினாலும் முதலில் கண்டுபிடிக்கிறவன் அவன். அன்றைக்கு ஆர்கன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எல்லோரும் முடித்த பிறகும் தனியாக ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தான். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அவனே சொன்னான். என்ஜின் இரைச்சலில் வலது காது போய் இரண்டு வருடமாகிவிட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மெடிக்கல் டெஸ்டில் கண்டுபிடித்துக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். இடதும் போனால் கரையிலும் எவன் வேலை தருவான் என்று கேட்டான்.

“பாட்டு எனக்கு இரைச்சலாத்தான் கேக்கும். ஏளா, ஒன் கடுதாசியிலதான் நான் பாட்டே கேட்டேன்” என்று என்னிடம் சொன்னான். பெட்டியைத் திறந்து என் கடிதங்களை எடுத்தான். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. கப்பலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவானாம்.

அவன் ஏழாவது தட்டை எடுத்து வரச் சொன்னான். இரண்டாவது பக்கம், மூன்றாவது பாட்டு. எல்லா வாத்தியமும் நின்றுபோய் ஒரே ஒரு ஆண்குரல் மட்டும் தனியாக வரும், கேட்டால் மயிர்க்கூச்செறியும் என்று நான் எழுதியிருந்தேன். பார்க்காமலே ஒப்பித்தான்.

“அந்த எடத்த மட்டும் ஒரு தடவ இந்தக் காதால கேட்டுரணும். இதும் போயிரும்னு டாக்டர் சொல்லுதான்.”

ஊசி ஒடிந்திருக்கிறது என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் புது ஊசியே வாங்கி வந்திருந்தான். மாட்டினான், தட்டை வைத்தான், இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நான் அந்தப் பாட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கொட்டு. கொட்டோ கொட்டு. அதற்கு மேலே ஒரு கும்பலாகக் கூச்சல். எந்த வாத்தியமும் நிற்கவில்லை, எந்தக் குரலும் தனியாக வரவில்லை.

பாட்டு முடிந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“கொட்டு மட்டுந்தான் கேட்டுது. அந்தக் கொரலு வரலியே. வந்துச்சா?” என்றான். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்ப இந்தக் காதும் போச்சுளா” என்றான்.

சோப்புக்கும் சேலைக்கும் நான் அளந்த அளப்பு அவன் காதையே பிடுங்கிக்கொண்டுவிட்டது. அவன் கன்னத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“இல்லண்ணே! அந்தக் கொரலே கெடையாது. கொட்டுதான். நான் கேக்காமலே எழுதினேன்!”

புரியாமல் என் வாயையே பார்த்தான். மறுபடியும் கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். மூன்றாம் தடவை கத்தியபோது அவனுக்குப் பிடிபட்டது.

“அப்ப எனக்குக் கேக்குதா? கொட்டுதானா? ஏம்மா, எனக்குக் கேக்குதும்மா!” அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். சிரித்தான். அடிப்பான் என்று நினைத்து நான் ஓரடி பின்வாங்கியிருந்தேன். உடனே ஊசியைத் திருப்பி வைத்து, அதே பாட்டை மறுபடி முழுக்கக் கேட்டான். விரலால் தரையில் தாளம் போட்டான். தாளம் சரியாகவே இருந்தது.

முடிந்ததும் தட்டை எடுத்து உறைக்குள் போட்டான். தன் குரல் அளவு தெரியாததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்: “மட்டமான பாட்டு. நீ எழுதினது இதவிட நல்லா இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, இப்படி இன்னும் எத்தனை என்று கேட்டான். இரண்டு விரலைக் காட்டினேன். அந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்து, கூட இருந்து கேட்டு ஒவ்வொரு இடமாகச் சொல்கிறேன் என்றேன். அவன் பிளேயரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

“நீ ஒண்ணும் சொல்லாண்டாம். இருக்க வரைக்கும் நானே கேட்டுக்கிடுதேன்.”