பால்போத்தலுக்குள் ஏறிய குமிழிகள்

கிளாஸில் இருந்த தண்ணீர் கொட்டி வட்டாரக் கல்வி அதிகாரியின் சப்பாத்தை நனைத்தபோது, என் நியமனம் உறுதியாகாது என்றே முடிவுசெய்துவிட்டேன். புளியங்குளத்துக்கு அருகே ஒரு சிறிய பள்ளிக்கூடம். நான்காம் ஆண்டு வகுப்பு. என் பாடத்தைப் பார்க்க வந்திருந்த அவருடைய அறிக்கையில்தான் என் வேலை தங்கியிருந்தது.

பாடம் வளியமுக்கம், அதாவது காற்றின் அழுத்தம். தண்ணீர் நிறைந்த கிளாஸைக் கடதாசி மட்டையால் மூடிக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. வீட்டில் நான்கு தரம் செய்து பார்த்திருந்தேன். ஆனால் அன்று காலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். ஏழு மாத மகளையும் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் மட்டையை மறந்துவிட்டேன். கொப்பித் தாளால் மூடினேன். தாள் ஊறிக் கிழிந்தது.

"ரீச்சர், சேரின்ரை சப்பாத்து குளிச்சிட்டுது!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

அந்த நேரம் பார்த்து, மூலையில் பாயில் கிடந்த மகள் வீரிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையையும் கொண்டு வாறனீங்களோ?" என்றார் அதிகாரி.

"இண்டைக்கு மட்டுந்தான், சேர்."

மகளைத் தூக்கிப் பால்போத்தலை வாயில் வைத்தேன். நாலு தரம் உறிஞ்சியதும் போத்தலின் ரப்பர்ச் சூப்பி சப்பையாக ஒட்டிக்கொண்டது. பால் வரவில்லை. வழக்கம்போல மூடியைச் சற்றுத் தளர்த்தினேன். பாலுக்குள் குமிழிகள் ஏறின. அவள் மறுபடி குடித்தாள்.

முன்வாங்கிலிருந்து தேநீர்க் கடைக்காரரின் மகள் ரிஸ்வானா எழும்பினாள். "குமிழி எங்கயிருந்து வருது, ரீச்சர்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அடக்கிக்கொண்டு மூடியை இறுக்கினேன். சூப்பி சப்பையானது, மகள் சிணுங்கினாள். தளர்த்தினேன், மீண்டும் குமிழிகள். வகுப்பு முழுவதும் வாங்குகளை விட்டு என்னைச் சூழ்ந்துகொண்டது.

"வெளியில நிக்கிற காத்துத்தான் சூப்பியை அமத்துது," என்றான் சப்பாத்து குளித்ததாகச் சொன்னவன். "உள்ளுக்கும் காத்துப் போனா விட்டிடும்!"

ரிஸ்வானா கண்களை அகல விரித்தாள். "அப்ப எங்கட வாப்பா ரின்பால் தகரப் பேணியில ரெண்டு ஓட்டை போடுறதும் இதுக்குத்தானோ? ஒண்டால காத்துப் போனாத்தான் மற்றதால பால் வருமோ?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

அதிகாரி கையை நீட்டினார். "போத்தலைத் தாங்கோ, நானும் ஒருக்கா இறுக்கிப் பாப்பம்."

"வேண்டாம் சேர்! தங்கச்சி பாவம்!" என்று வகுப்பே கத்தியது.

பள்ளிக்கூடத்தின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அவர் எழுதினார்: 'வளியமுக்கம் நன்கு விளங்கவைக்கப்பட்டது. உபகரணம்: பால்போத்தல்.' பிள்ளையைக் கொண்டுவந்தது பற்றி ஒரு வரியும் இல்லை. நியமனம் உறுதியானது.

மகள் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. மட்டை பையில் இருக்கிறதா என்று நான் இன்றும் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன், அது மாறவில்லை. ஆனால் புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு இதைச் சொல்வேன்: பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். மூடியை இன்னொரு தரம் இறுக்கிக் காட்டுங்கள்.