திரை மங்கும்போது

ஆபீசில் என் ஓவர்லேக்களைக் கேலி செய்வார்கள். செயலியில் ஒரு கேள்விப் பெட்டி முன்னால் வந்து நிற்கும்போது, பின்னால் இருப்பதை மங்கவைக்க ஒரு கருப்புப் படலம் போடுவோம், அதுதான் ஓவர்லே. என்னுடையது மட்டும் நீர்மோர் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும். நானும் ஒரு காலத்தில் கரி அப்பினதுபோலப் போட்டவள்தான்.

அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதில், ஒரு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை. அம்மா போனபின் தனியாக இருந்தவர் அவர். கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். ஒரு டச் போன் வாங்கி, அப்பா இருந்த மலையூர் புதூர்நாட்டுக்குப் போகும் ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால் போட்டேன். எடுத்தார். முகம் வரவில்லை, கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும்.

அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை, என்னை ஒதுக்கியே விட்டார் என்று முடிவுகட்டினேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அவர் மகள்தானே. ஒரு ஞாயிறுக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஆனாலும் அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. அப்பா இருந்த ஞாயிறுகள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மலைக்கு ஜீப் ஏறிவிட்டேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். "வாம்மா" என்றார், தட்டுவதை நிறுத்தாமலே. ஏன் கட் பண்ணுகிறீர்கள் என்று கேட்கத் துணிவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தபடியே என் போனிலிருந்து அவருக்கு வீடியோ கால் போட்டேன். என் கண்முன்னாலேயே கட் பண்ணட்டும், பார்த்துவிடலாம் என்ற வீம்பு.

எடுத்தார். கேமராவை அனுமதிக்கலாமா என்று நடுவில் ஒரு பெட்டி வந்தது. பின்னால் திரை இருண்டது.

"தோ பாரு, சார்ஜ் எறங்கிடுச்சு" என்று போனை அணைத்தார். அவருடைய பழைய பட்டன் போனில் சார்ஜ் தீரும்போது முதலில் வெளிச்சம்தான் மங்கும்.

"இன்னாத்துக்குப்பா அணைக்கிறீங்க?" என்றேன்.

"பேசும்போது பாதில நின்னுட்டா? அணைச்சு ஏத்தினா சீக்கிரம் ஏறும். ஃபுல்லா ஏத்திட்டு, பொழுது சாயறவரைக்கும் கைல வெச்சினு ஒக்காந்திருப்பேன். நீதான் அப்பறம் கூப்புடவே மாட்ட."