கீச்சே அன்ரி மேல் வந்த எரிச்சல்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மொழிமீது எனக்குப் பொறாமை வந்தது. அவர் குவாத்தமாலாவிலிருந்து நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்குக்கு வந்தவர். தாய்மொழி கீச்சே, மாயன் மொழிகளில் ஒன்று. என் பதினைந்து வயது மகள் அதை அவரிடம் ஆசையாகக் கற்றாள். அதில் எழுத்துக்குப் பக்கத்தில் மேற்கோள்குறி போலச் சின்னக் கொக்கி இருந்தால், மூச்சைத் தொண்டையில் அடைத்து வெடிப்பதுபோல் விட வேண்டுமாம். கண்ணாடி முன் நின்று ‘க்’, ‘க்’ என்று நாள் முழுவதும் பழகினாள். தமிழுக்காக ஒருநாளாவது இப்படிப் பாடுபட்டாளா?

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “அந்த அன்ரியின்ரை பாஷைக்கு இவ்வளவு கஷ்டப்படுறாய். தமிழ் எண்டால் மட்டும் உனக்கு நாக்கு வளையாதோ?”

அவள் கோபப்படவில்லை. “நான் பிழையாச் சொன்னா அன்ரி வெயிட் பண்ணுவா, அம்மா. நீங்கள் விசிட்டர்ஸுக்கு முன்னால திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பீங்கள்.”

உண்மைதான். அவளுடைய கொன்னைத் தமிழை எத்தனையோ விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணியோடு நானே பரிமாறியிருக்கிறேன்.

அன்று மாலை, அந்தக் ‘க்’ சத்தத்தை எனக்கும் சொல்லித்தரும்படி மகளிடம் கேட்டேன். முயன்றேன், இருமல்தான் வந்தது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“பரவாயில்லை அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றாள்.