சுன்னாகத்தில் வந்து நின்ற புறூசல்ஸ் ஸ்ரேசன்

புறூசல்ஸ் நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில் சிவரூபன் எட்டு வருடம் இருந்தான். அங்கே வேலை பார்க்கிறான் என்று அவனுடைய தாய் இரத்தினம்மா காங்கேசன்துறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவன் அங்கே படுத்தான். உள்ளது அவ்வளவுதான்.

அந்த ஊரில் எதற்கும் இரண்டு பெயர். பிரெஞ்சு கதைக்கிறவர்கள் அந்த நிலையத்தை மிடி என்பார்கள். டச்சு கதைக்கிறவர்கள் சொய்ட் என்பார்கள். பலகையில் இரண்டும் எழுதியிருக்கும், ஒலிபெருக்கியும் எதையும் இரண்டு தரம் சொல்லும். லண்டன் ரயிலுக்கு மட்டும் இங்கிலிசும் சேரும். சிவரூபன் போனதே அந்த லண்டன் ரயிலில் ஏறத்தான். லண்டனில் ஒரு மாமன் இருந்தான். மொஸ்கோ, போலந்து என்று மூன்று வருடம் சுற்றிக் களைத்து வந்தவன், ரயிலடியில் கடவுச்சீட்டுப் பார்க்கிறவனிடம் பிடிபட்டான். அகதி மனுவைத் தள்ளினார்கள். மேலே போட்ட அப்பீலையும் தள்ளினார்கள். மாமன் தன்னுடைய போன் இலக்கத்தை மாற்றிவிட்டான்.

அதற்குப் பிறகு ஸ்ரேசன்தான் வீடு. ட்ராம் போகிற பாலத்துக்குக் கீழே பெட்டி மட்டை விரித்துப் படுக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரேசனைச் சுற்றிப் பெரிய சந்தை கூடும். மொறோக்கோ வியாபாரிகளுக்குப் பெட்டி இறக்கிக் கொடுப்பான். சந்தை கலைந்த பிறகு நிலத்தில் கிடக்கிற தக்காளியைப் பொறுக்குவான். தகப்பனைக் கடல் கொண்டுபோன வீட்டின் ஒரே ஆம்பிளைப் பிள்ளை, கடலே இல்லாத நகரத்தில் நசிந்த தக்காளி பொறுக்கினான்.

தாயோடு வீடியோவில் கதைக்கிற நாளில் மட்டும் முகம் கழுவுவான். ஆரிடமாவது நல்ல ஜக்கற் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, லண்டன் ரயில் வாசலுக்கு முன்னால், கண்ணாடிச் சுவர் பின்னால் தெரிகிற மாதிரி நிற்பான்.

"ஆரடா உவை, பின்னாலை பெட்டி இழுத்துக்கொண்டு போகினம்?"

"பயணம் போற சனம் அம்மா."

"நீயோ அவையளை ஏத்தி விடுறனி?"

"ஓம்."

அந்த ஒரு ஓம் போதும். இரத்தினம்மா அதை வைத்து ஒரு கிழமைக்குள் மகனை ஸ்ரேசன் மாஸ்ரர் ஆக்கிவிட்டாள்.

வீட்டில் தங்கை மதுரா இருந்தாள். முப்பத்தொரு வயது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் முற்றத்தோடு திரும்பிப் போயின. கடைசியில் பருத்தித்துறையில் ஒன்று பொருந்தியது. மாப்பிள்ளை கஜீவன், தாய் தகப்பன் இல்லாதவன். அவனை வளர்த்த சித்தப்பன் செல்வநாயகம், கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். பெண்ணின் தமையன் மச்சானைப் பெல்ஜியத்துக்குக் கூப்பிட்டு எடுப்பான், அதை நம்பித்தான் சம்பந்தமே பேசினார்கள். அவர் அதை ஒளிக்கவும் இல்லை. "உங்கடை மகன் அங்கை இல்லையெண்டால் நான் உந்தப் படலையைத் திறந்திருக்க மாட்டன்" என்று இரத்தினம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

நாள் குறித்த அடுத்த மாதம் பெல்ஜியப் பொலிஸ் சிவரூபனைப் பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது. கொழும்பிலிருந்து ரயில் ஏறியவன், மாங்குளம் தாண்டித்தான் தாய்க்குப் போன் எடுத்தான்.

"அம்மா, வந்துகொண்டிருக்கிறன். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

"கொடிகாமத்திலை இறங்கு" என்றாள்.

கொடிகாமம் மேடையில் அவள் நின்றாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பிள்ளையைக் காண்கிறவள் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அவனுக்குப் பின்னால் வேறு பெட்டி ஏதும் இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பை மட்டுமோ?"

"ஓம் அம்மா."

"ஊருக்குள்ளை கால் வைச்சிடாதை. உன்னை ஒருத்தர் கண்டாலும் காணும், உன்ரை தங்கச்சி என்னோடை இருந்து நரைப்பாள்."

"அப்ப கலியாணத்துக்கு?"

"நீ பெல்ஜியத்திலை நிக்கிறாய்."

கொண்டுவந்த சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

கொடிகாமம் சந்தையில் மரக்கறி லொறி வைத்திருந்த றஞ்சித் அவனைச் சேர்த்துக்கொண்டான். மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு மூலை. பகலில் மூட்டை தூக்குவது. "ஸ்ரேசன் மாஸ்ரர், அடுத்த ரெயின் எத்தினை மணிக்கு?" என்று சந்தையே கேட்கும். சிவரூபன் பிரெஞ்சிலும் டச்சிலும் அறிவிப்புச் சொல்லிக் காட்டினால்தான் தேத்தண்ணி வரும். சொல்லிக் காட்டினான். வெட்கமெல்லாம் ட்ராம் பாலத்துக்குக் கீழேயே போய்விட்டது.

அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆசை. கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவான், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவான். தாலி ஏறிய பிறகு தங்கையின் சேர்த்த கையில் பொரியை அள்ளி வைப்பான். அவள் அதை அக்கினியில் சொரிவாள். தகப்பன் இல்லாத வீட்டில் தமையனுக்கென்று இருக்கிற இடம் அதுதான். மதுராவின் கையில் அந்தப் பொரியை வைத்துவிட வேண்டும். குளிரில் பல்லுக் கிட்டிக் கிடந்த காலத்திலும் அவன் நினைத்தது அதைத்தான்.

மதுராவுக்குப் போன் எடுத்துக் கேட்டான்.

"ஆருக்கும் தெரியாமல் தொப்பி போட்டு முகத்தை மறைச்செண்டாலும் வந்து பொரி வைக்கிறன் பிள்ளை."

"முகத்தை மறைச்சுக்கொண்டு வாறதுக்கு நீங்கள் என்ன கள்ளனோ அண்ணை? துசி நிக்கிறான், காணும்."

"துசிகரன் சின்னம்மாவின்ரை மகன். நான் உன்ரை கூடப்பிறந்தவன்."

"அதுதானே எனக்கு வந்த வினை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அதற்கிடையில் செல்வநாயகம் ஒரு விசயத்தைக் கிளப்பினார். தமையன் வரமுடியாவிட்டால் போகட்டும், தாலி கட்ட முதல் ஸ்ரேசனில் நின்றபடி வீடியோவில் வந்து ஆசி சொல்லட்டும், மண்டபத்துப் பெரிய திரையில் பருத்தித்துறைச் சனம் பார்க்கட்டும் என்றார். இரத்தினம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொடிகாமத்துக்கு வந்தாள். வழி சொன்னவன் றஞ்சித்.

"பிளெக்ஸ் அடிப்பம் அம்மா. செத்தவீட்டுக்கு அடிக்கிறம், சாமத்தியவீட்டுக்கு அடிக்கிறம். ஸ்ரேசனுக்கு அடிக்கேலாதோ?"

சிவரூபனின் போனில் அந்த வாசலின் நல்ல படம் ஒன்று இருந்தது. சந்தையடியில் பிளெக்ஸ் அடிக்கிறவன் அதை லொறி நீளத்துக்குப் பெருப்பித்துக் கொடுத்தான். விரித்துப் பார்த்தால் புறூசல்ஸ் ஸ்ரேசனின் இரண்டு கரையிலும் இரண்டு குத்துவிளக்கு எரிகிறது.

"இதென்னடாப்பா விளக்கு?"

"கலியாண விசயமெண்டு சொன்னனீங்கள். விளக்கில்லாமல் எப்பிடி அண்ணை அடிக்கிறது?"

விளக்கு இரண்டையும் பின்னால் மடித்துக் கட்டினார்கள். சிவரூபன் தாயிடம் ஒன்று கேட்டான். "உதுக்கு முன்னாலை நிக்கிறன். தாலி ஏறினவுடனை பின்வாசலாலை வந்து பொரி வைக்க விடுவியளோ?"

"பாப்பம்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பாப்பம் என்றால் இல்லை. வெளிநாட்டில் கிடந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

கலியாணம் சுன்னாகத்தில் ஒரு மண்டபத்தில். சமையலுக்கு மரக்கறி இறக்க வந்த றஞ்சித்தின் லொறி மண்டபத்துப் பின் ஒழுங்கையில் நின்றது. பொரி வைக்க ஓடி வரலாம் என்றுதான் சிவரூபன் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினான். லொறியின் பக்கத்தில் பிளெக்ஸைக் கட்டினார்கள். கீழ்க்கரை தெரியாமல் வெங்காய மூட்டைகளை அடுக்கினார்கள். ஆவணி வெயில் நெருப்பாகக் கொட்ட, சிவரூபன் குளிர் ஜக்கற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு நின்றான். றஞ்சித் போனைப் பிடித்தான்.

உள்ளே துசிகரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரமும் வாங்கிவிட்டான். பெண்ணும் மணவறைக்கு வந்துவிட்டாள். மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, செல்வநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"தம்பி, சுகமோ?"

"சுகம் மாமா. மதுராவும் கஜீவனும் நல்லா இருக்கோணும். நான் இஞ்சை ஸ்ரேசனிலை நிண்டு மனதாரச் சொல்லுறன்."

சபை கைதட்டியது. இரத்தினம்மாவுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பாணும் மீன் வைத்த மாலுபணிஸும் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பியது. இலங்கையில் அந்தப் பாட்டைத் தெரியாத காது இல்லை. டிங் டிங் என்று அது திரையிலும் கேட்டது, சுவருக்கு மேலாலும் கேட்டது.

"அதென்ன தம்பி சத்தம்? அங்கையும் மாலுபணிஸ் வருதோ?"

சபை சிரித்தது.

"அது... ரெயின் வர முதல் போடுற மியூசிக் மாமா."

"ஓ. அப்ப அந்த ரெயினையும் ஒருக்காக் காட்டுங்கோவன். போன் பிடிக்கிறவர் கொஞ்சம் பின்னுக்குப் போகட்டும்."

மைக்கில் ஒரு பெரிய மனிசன் சொன்னால் றஞ்சித்துக்குக் கால் தானாக நடக்கும். சிவரூபன் கண்ணைக் காட்டினான், பல்லைக் கடித்தான். றஞ்சித் பின்னுக்குப் போனான், இன்னும் போனான். வெங்காயமூட்டை வந்தது. லொறி ரயர் வந்தது. அடுக்கிய மூட்டைக்கும் மடித்த விளக்குக்கும் நடுவில், யாழ்ப்பாணத்தில் எந்தப் பிளெக்ஸிலும் இருப்பது போல, அடித்த கடையின் விலாசமும் இருந்தது. அதை மறைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடித்தவனுக்கும் அதைப் போடாமல் விடவேண்டுமென்று தோன்றவில்லை.

செல்வநாயகம் அதை மைக்கில் ஆறுதலாக வாசித்தார்.

"சகலவிதமான பிளெக்ஸ் வேலைகளுக்கும் நாடுங்கள். சந்தை வீதி... கொடிகாமம்."

சிரிப்பு முதலில் சுவருக்கு மேலால் வந்தது. கொஞ்சம் பிந்திப் போனில் வந்தது. அதே சிரிப்பை அவன் இரண்டு தரம் கேட்டான்.

"அம்மா, இதுக்கு என்ன சொல்லுறியள்?" என்று செல்வநாயகம் கேட்பதும் கேட்டது. தாய் என்ன சொல்லப்போகிறாள் என்று சிவரூபன் போனடிக்குக் காதைக் கொண்டுபோனான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா" என்றாள் இரத்தினம்மா. "உவன் எங்களையும் ஏமாத்திப்போட்டான்."

றஞ்சித் போனை அணைத்தான். "மாஸ்ரர், லொறியிலை ஏறு. போவம்."

சிவரூபன் ஏறவில்லை. இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். "பெல்ஜியத்திலையிருந்து வர நேரமெடுக்குமோ எண்டு கேக்கினம்" என்று ஒருவன் இளித்தான். அவன் பின்வாசலால் உள்ளே போனான். சபை முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தது.

செல்வநாயகம் கோபப்படவில்லை. ருசித்துக் கதைத்தார். "கலியாணம் நிக்காது. பொடியனை எழுப்பிக்கொண்டு போனால் எங்களுக்கும் மானக்கேடு. ஆனா உள்ள தமையன் உயிரோடை நிக்கேக்கை வேறை ஆள் கழுவின கால் கழுவின காலில்லை. கொண்டாங்கோ செம்பை. திருப்பிக் கழுவட்டும்."

சிவரூபன் ஜக்கற்றின் பூட்டில் கை வைத்தான்.

"வேண்டாம் தம்பி, கிடக்கட்டும். குளிருமெல்லோ."

மணவறைக்கு முன்னால் முழங்காலில் இருந்து அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். வியர்வை மூக்கு நுனியால் சொட்டி அந்தத் தண்ணீரோடு சேர்ந்தது. பின்னால் சனம் துள்ளித் துள்ளிச் சிரித்தது. அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. கால் கழுவ விட்டார்கள் என்றால் பொரியும் வைக்க விடுவார்கள், மனதில் அது ஒன்றுதான் ஓடியது. மோதிரம் துசிகரனின் விரலில் இருந்தது. கழற்றிக் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை. கஜீவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப என்னை அங்கை ஆர் கூப்பிடுறது?"

தாலி ஏறியது. மேளம் முழங்கியது. ஐயர் அக்கினிக்கு நெய் விட்டுவிட்டு, "பொம்பிளையின்ரை சகோதரன் வாங்கோ, பொரி வைக்க" என்றார். சிவரூபன் நனைந்த கையை ஜக்கற்றில் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். தட்டைக் கையில் எடுத்தான். பொரியை அள்ளினான். மதுரா சேர்த்து வைத்திருந்த கையைப் பிரித்து மடியில் போட்டாள்.

"துசி, இஞ்சை வா" என்றாள்.

"மதுரா. ஒருக்கா மட்டும் பிள்ளை."

அவள் நிமிரவில்லை. கூறைச் சேலைத் தலைப்பைச் சரி செய்தபடி, பக்கத்து வீட்டாளோடு கதைக்கிற குரலில் சொன்னாள். "நீங்கள் அந்த ஸ்ரேசனிலையே செத்திருக்கலாம் அண்ணை. உங்கடை படத்துக்கு மாலை போட்டு வைச்சிருப்பன்."

துசிகரன் வந்து தட்டை வாங்கினான். சிவரூபனின் கைக்குள் இருந்த பொரியையும் விரலை விரித்துத் தட்டில் கொட்டச் சொன்னார் ஐயர், நேரம் போகிறதென்று. கொட்டினான். மதுரா திரும்பக் கையைச் சேர்த்தாள். சபை எழும்பி அட்சதை போட்டது. இரத்தினம்மா பருத்தித்துறைச் சனத்துக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, அவன் நின்ற பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

பந்தி தொடங்கியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு. சிவரூபன் கரையில் கிடந்த ஒரு கதிரையில் போய் இருந்தான். வாழையிலை கொண்டுவந்தவன் வேறு ஊர்க்காரன். உள்ளே நடந்தது ஒன்றும் அறியாதவன். ஜக்கற்றை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணை, மாப்பிள்ளை பகுதியோ, பொம்பிளை பகுதியோ?"

சிவரூபன் ஜக்கற்றின் பூட்டைக் கீழே இழுத்தான்.

"வெங்காயம் இறக்க வந்தனான்" என்றான்.

"அட, உதை முதலே சொல்லியிருக்கலாமே. இது சபை ஆக்களுக்கு. பின்னுக்குச் சமையல் கிடாரத்தடிக்குப் போங்கோ, மிச்சம் கிடந்தால் போடுவினம்."

சிவரூபன் எழும்பிப் பின்னுக்குப் போனான்.